கீழ்த்தட்டில் இருந்த ஈக்கள்

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பத்திரிகை அறிவியல் சிறப்பிதழ் போடுகிறது. கதை வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு அறிவியல் தெரியாது, அக்காவைத் தெரியும். அக்கா ஓர் ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்களை வளர்த்து, அவை எப்படிக் கிழடாகின்றன என்று பார்க்கிறவள். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது கதைக்காக வெளியே அலைவானேன் என்று நினைத்தேன்.

அக்கா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"எழுதிக்கோ. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி நான் படிப்பேன். தப்பா இருந்தா பக்கத்துலயே திருத்துவேன். அத நீ அழிக்கக் கூடாது."

"வாத்தியார் மாதிரி சிவப்பு மையாலயா?"

"பச்சை மை. சிவப்பு தீந்துபோச்சு."

அச்சில் பச்சை வராது. ஆகவே இந்தக் கதையில் நட்சத்திரக் குறியோடு வருகிற குறிப்புகள் எல்லாம் அக்காவுடையவை என்று எடுத்துக்கொள்ளுங்கள். என்மேல் மரியாதை குறைந்தால் நான் பொறுப்பில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: ஆய்வுக்கூடத்தின் அமைதியில் ஆயிரம் ஈக்கள் ஒரே நேரத்தில் தும்மியதுபோல—

* ஈ தும்மாது. அடுத்தது.

இரண்டாவது: மரணத்தை வென்றுவிட வேண்டும் என்ற மனிதனின் ஆதிக் கனவு, விரல் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்றுக்குள்—

* யாரும் எதையும் வெல்லல. காலையில போய் குப்பி மாத்தறோம், செத்தத எண்ணறோம், மதியம் சாப்பிடறோம்.

மூன்றாவது: அவள் பெயர்—

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். நல்ல பெயர்களாகவே நாலைந்து வைத்துப் பார்த்தேன். எந்தப் பெயரை வைத்தாலும் அந்தப் பெயர்க்காரி வலது கையை ஒய்யாரமாகத் தூக்கி முடியைக் கோதிக்கொண்டாள். அக்காவால் வலது கையைத் தூக்க முடியாது. அதுதான் இந்தக் கதையே. ஆகவே பெயர் வேண்டாம், அக்கா என்றே இருக்கட்டும்.

3

(இந்தப் பகுதி கொஞ்சம் பாடம் மாதிரி இருக்கும். தாண்டிப் போகலாம் என்று எழுதியிருந்தேன். 'தாண்டினா மீதி புரியாது, ஒழுங்கா உக்காந்து படிக்கச் சொல்லு' என்று அக்கா திருத்திவிட்டாள்.)

ஒரு மரபணு வேலை செய்ய வேண்டுமானால் அதன் நகல் ஒன்று தூதாகக் கிளம்பும். அந்தத் தூதைப் படித்துத்தான் செல் புரதம் செய்கிறது. இதுவரை பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள். அங்கே சொல்லாமல் விட்டது, குட்டி ஆர்.என்.ஏ.க்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது என்பது. இருபத்துச் சொச்சம் எழுத்து நீளம்தான் இருக்கும். அவற்றிலிருந்து எந்தப் புரதமும் உண்டாவதில்லை. சொந்தமாக ஒரு வேலையும் இல்லாமல், வழியில் போகிற தூதைப் பிடித்து, 'கொஞ்சம் அடக்கி வாசி' என்று சொல்வதே அவற்றின் பிழைப்பு. அந்தத் தூது அடங்கிவிடும், அல்லது சிதைந்துவிடும்.

* 'ஒரு வேலையும் இல்லாம'ன்னு எழுதாதே. அடக்கறதே பெரிய வேலை. உன்ன இத்தன வருஷம் அடக்கி வச்சிருக்கேனே, அது வேலை இல்லையா?

அக்கா எடுத்துக்கொண்ட குட்டி ஆர்.என்.ஏ.வின் பெயர் எழுத்தும் எண்ணுமாக, வண்டி நம்பர் மாதிரி இருக்கும். அதை விட்டுவிடுகிறேன். அது ஈயின் கொழுப்புத் திசுவில் வேலை செய்கிறது. ஈக்குக் கல்லீரலும் தொப்பையும் ஒன்றாகச் சேர்ந்தது அந்தத் திசு. தின்ற சர்க்கரையைச் சேர்த்து வைப்பதும், பசிக்கிறபோது எடுத்துக் கொடுப்பதும் அங்கேதான். நமக்கு இருப்பதுபோல ஈக்கும் இன்சுலின் மாதிரி ஒரு சமிக்ஞை உண்டு, அதற்கு ஒரு பிரேக்கும் உண்டு. அக்காவின் குட்டி ஆர்.என்.ஏ. அந்தப் பிரேக்கை அடக்கி வைக்கிறது. குட்டியை எடுத்துவிட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும், இன்சுலின் சமிக்ஞை குறையும். அந்தச் சமிக்ஞை குறைந்த ஈக்கள் அதிக நாள் வாழ்வதை உலகத்தில் பலர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். ஆகவே குட்டி இல்லாத ஈ சாதா ஈயைவிட நீண்ட நாள் இருக்கும் என்று அக்கா எதிர்பார்த்தாள்.

பார்ப்பது எப்படியென்றால், குட்டி இல்லாத ஈக்கள் ஒரு ட்ரே நிறையக் குப்பிகளில், சாதா ஈக்கள் இன்னொரு ட்ரே நிறையக் குப்பிகளில். சில நாளுக்கு ஒருமுறை புதுத் தீனி உள்ள குப்பிக்கு அவற்றை மாற்ற வேண்டும். செத்ததை எண்ண வேண்டும். குப்பியைத் தட்டினால் இளசுகள் விறுவிறுவென்று சுவரேறும். கிழடுகள் அடியிலேயே நின்று, ஏறத்தான் வேண்டுமா என்று யோசிக்கும். கடைசி ஈ சாகும்வரை இதேதான்.

4

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. வலது தோள் இறுகிப்போயிருந்தது. அடிபடவில்லை, விழவில்லை, அந்த வயதில் சிலருக்கு இப்படி வருமாம். கை பக்கவாட்டில் காது வரைக்கும்கூடப் போகவில்லை. பின்னல் போட முடியாமல் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். ஆய்வுக்கூடத்தில் "புது ஸ்டைலா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமா, எப்படி இருக்கு?" என்று இவளும் கேட்டிருக்கிறாள்.

அவள் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. அங்கே அவளுக்கு வருடாவருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். ஆய்வுக்கூடத் தலைவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். (அக்காவைவிட வயதில் சின்னவர்தான்.) முன்பு ஒருத்தரை வேலையைவிட்டு அனுப்பியபோது அவர், "ஈ வேலைக்குக் கை சுறுசுறுப்பா இருக்கணும்" என்று சொன்னதை அக்கா கேட்டிருக்கிறாள்.

ஈக்களை வைப்பது துணி பீரோ அளவுள்ள ஓர் இன்குபேட்டரில். எப்போதும் ஒரே வெப்பம் இருக்கும்படி செய்த அலமாரி அது, தட்டுத் தட்டாக இருக்கும். என்னதான் இயந்திரம் என்றாலும் தட்டுக்குத் தட்டு வெப்பம் கொஞ்சம் மாறலாம். அதனால் ஒவ்வொரு முறை தீனி மாற்றும்போதும் மேலே இருந்த ட்ரேயைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் வைக்க வேண்டும். ஈ வளர்க்கிற யாருக்கும் இது சொல்லித்தரத் தேவையில்லாத பாடம்.

பக்கத்து மேசைக்காரியும் அதே சாதா ஈக்களைத்தான் தன் வேலைக்குப் பயன்படுத்தினாள். அவற்றைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. நல்ல உயரம். அக்கா அவளை வீட்டில் நெட்டை என்றுதான் சொல்வாள், பிரியமாகத்தான். ஒருநாள் அக்காவால் தன் ட்ரேயை மேல்தட்டுக்கு ஏற்ற முடியவில்லை. 'இன்னைக்கு மட்டும்' என்று கீழேயே தள்ளிவிட்டாள். பிறகு வந்த நெட்டை மேல்தட்டு காலியாக இருப்பதைப் பார்த்துச் சாதா ஈக்களை அங்கே வைத்தாள். அடுத்த முறையும் 'இன்னைக்கு மட்டும்'. அதற்கடுத்த முறை யாரும் எதுவும் நினைக்கவில்லை. நெட்டைக்கு மேலே, அக்காவுக்குக் கீழே என்று தானாகவே ஆகிவிட்டது.

[இந்த இடத்தில் ஒரு வில்லனை நுழைக்கப் பார்த்தேன். பொறாமை பிடித்த ஒருவன் யாரும் இல்லாதபோது ட்ரேக்களை மாற்றி—]

* அங்க அவ்வளவு ஓய்வா இருக்கறவங்க யாரும் இல்ல.

5

முடிவு வந்தது. எத்தனை ஈக்கள் மிச்சம் என்று நாள்வாரியாகக் காட்டும் வரைபடத்தில் சாதா ஈக்களின் கோடு சரிந்துகொண்டே போனது. குட்டி இல்லாத ஈக்களின் கோடு விடாப்பிடியாக மேலேயே இருந்தது. சாதா ஈக்கள் அடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்த வயதில் இவை சுவரேறிக்கொண்டிருந்தன. பெரியவர் வரைபடத்தை அச்செடுத்துத் தன் அறைச் சுவரில் ஒட்டினார்.

"இது போதும். கட்டுரையா எழுதுங்க. ஒப்பந்தம் பத்தி நான் பேசிக்கறேன்" என்றார்.

அன்று அக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்று இதை அப்படியே அவர் குரலில் சொல்லிக் காட்டினாள். எனக்கும் சந்தோஷம். இந்த வீட்டு வாடகையில் பெரும்பங்கு அவள் சம்பளத்தில் போகிறது. கதை எழுதுகிறவனுக்கு உள்நோக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எல்லோரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவள் நெட்டை. தன் பழைய வேலையை ஓரங்கட்டிவிட்டு, அக்காவின் முடிவின்மேல் புது வேலை ஒன்றைத் தொடங்கினாள். அந்தக் குட்டியைக் கொழுப்புத் திசுவில் மட்டும் திரும்பப் போட்டால், கூடிய ஆயுள் மறுபடி குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கான ஈக்களைக் கலப்பு செய்து உருவாக்கவே பல மாதங்கள் ஆகும். அவள் இறங்கிவிட்டாள்.

"நீங்க பண்ணிக் காட்டினதாலதான் அக்கா எனக்கு தைரியமே வந்துச்சு" என்றாளாம்.

6

கதையின் நடுப்பகுதி இது. நான் நான்கு முறை எழுதி நான்கையும் கிழித்தேன். இடி, மின்னல், உடைகிற குப்பி என்று என்னென்னவோ வந்தது. கடைசியில் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

தோளுக்காகப் பயிற்சியாளர் ஒருவரிடம் போய்க்கொண்டிருந்தாள். சுவருக்கு முன்னால் நின்று, விரல்களாலேயே நடந்து நடந்து கையை மேலே கொண்டுபோக வேண்டும். "நானும் ஈ மாதிரி சுவரேறிக்கிட்டு இருக்கேன்டா" என்பாள். தோள் கொஞ்சம் கொஞ்சமாக இளகி வந்தது.

நெட்டை விடுப்பில் இருந்த ஒருநாள், மேல்தட்டில் இருந்த அவளுடைய புது ஈக்களுக்கும் அக்காதான் தீனி மாற்ற வேண்டியிருந்தது. இன்குபேட்டரைத் திறந்தாள். யோசிக்காமல் வலது கையை நீட்டினாள். கை போனது. தோளுக்கு மேலே, காதுக்கு மேலே, தலைக்கு மேலே போய், மேல்தட்டின் பின்சுவரைத் தொட்டது. வலியே இல்லை. அக்கா அப்படியே நின்றாள். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்ததாம். அறையில் ஈக்களைத் தவிர யாரும் இல்லை.

அப்போதுதான் கைக்கு உறைத்தது. மேலே கதகதப்பாக இருந்தது.

கையைக் கீழ்த்தட்டில் விட்டுப் பார்த்தாள். மறுபடி மேலே. மறுபடி கீழே. பிறகு ஒவ்வொரு தட்டிலும் ஒரு தெர்மாமீட்டரை வைத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனாள். சாப்பிட்டாளா என்று கேட்டேன். முழுவதும் சாப்பிட்டதாகச் சொன்னாள். திரும்பி வந்து பார்த்தபோது மேல்தட்டு கீழ்த்தட்டைவிட இரண்டு டிகிரி சூடாக இருந்தது. உள்ளே காற்றைச் சுற்றிவிடுகிற விசிறி எப்போதோ சோர்ந்துபோயிருந்தது. கதவில் எரிகிற எண் நடுத்தட்டின் வெப்பத்தை மட்டும்தான் காட்டும். அது எப்போதும்போலச் சரியாகவே இருந்தது.

குளிர்ச்சியில் ஈ மெதுவாக வாழும். மெதுவாக வாழும் ஈ நீண்ட நாள் வாழும். இதற்குக் குட்டி ஆர்.என்.ஏ. எதுவும் தேவையில்லை. இவ்வளவு நாளும் அக்காவின் ஈக்களுக்கு ஆயுளைக் கூட்டியது அவளுடைய தோளாக இருக்கலாம்.

* 'இருக்கலாம்'னு போட்டது சரி. முழுசும் தப்புன்னு ஆகாது. பாதி நிஜமா இருக்கலாம், கால்வாசி இருக்கலாம். தெரியல. தெரியாதத தெரிஞ்சதா எழுதிட்டேன், அதான் விஷயம்.

7

அன்று சாயங்காலம் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே இதைச் சொன்னாள். உயரத்து அலமாரியில் டப்பாக்களை வலது கையாலேயே எடுத்து வைத்தாள். நான் அதைப் பார்த்து "அட, கை!" என்றேன். அதற்குப் பதிலாகத்தான் முழுவதையும் சொன்னாள்.

"பெரியவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"எப்ப சொல்லப் போற?"

"வெள்ளிக்கிழமை கட்டுரைய அனுப்பறாரு. ஒப்பந்தம் அடுத்த மாசம்."

"நான் அதக் கேக்கல."

"தெரியும்டா."

"மறுபடி ஒருவாட்டி பண்ணிப் பாத்தா?"

"பண்ணலாம். எல்லா ஈயும் செத்து முடிக்கணும்ல? அதுக்குள்ள எனக்கு அங்க மேசையே இருக்காது."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு கேள்வி கேட்டேன். கதையில் அதை நெட்டையின் வாயிலோ பெரியவரின் வாயிலோ போட்டுவிடலாமா என்று யோசித்தேன். என் வாயிலேயே இருக்கட்டும்.

"உன்னத் தவிர இது வேற யாருக்கும் தெரியாதுல்ல?"

அக்கா குழாயை மூடினாள்.

"இத நீ கேக்கறியா, நம்ம வாடகை கேக்குதா?"

அவள் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டே அவளே சொன்னாள். "பெரியவர் என்ன நினைப்பாருங்கறது கூட இல்லடா. அந்தப் பொண்ணு தினமும் வந்து, 'அக்கா, இன்னைக்கு புது ஈ பொறந்திருக்கு'ன்னு காட்டறா. நான் குனிஞ்சு பாக்கறேன். நல்லா இருக்குன்னு சொல்றேன்."

8

எனக்குக் கிடைத்த முடிவுகளை இங்கே வைக்கிறேன்.

(அ) அக்கா பெரியவரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். அவர் எழுந்து நின்று, "உங்களை மாதிரி நேர்மையானவங்கதான் அறிவியலுக்குத் தேவை" என்று கைகொடுக்கிறார். சுவரில் இருந்த வரைபடத்தை இருவரும் சேர்ந்து—

* அவர் அப்படிப் பேசவே மாட்டாரு. 'ஓஹோ'ம்பாரு. அதோட சரி. அந்த 'ஓஹோ'வத்தான் என்னால நினைச்சுப் பாக்க முடியல.

(ஆ) அக்கா யாருக்கும் சொல்லாமல் விசிறியைச் சரிசெய்துவிட்டு, ட்ரேக்களை ஒழுங்காக மாற்றி மாற்றி வைத்து, முதலிலிருந்து செய்கிறாள். குட்டி இல்லாத ஈக்கள் மறுபடியும் நீண்ட நாள் வாழ்கின்றன. தப்பான வழியில் போயும் சரியான இடத்துக்கே வந்திருக்கிறாள்.

* இது நடந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா நடந்தாலும், அதுவரைக்கும் நான் சொல்லலங்கறது அப்படியேதான் இருக்கும்.

(இ) வெள்ளிக்கிழமை கட்டுரை போகிறது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது. நெட்டை தன் ஈக்களை எண்ணிக்கொண்டே இருக்கிறாள், கணக்கு ஒத்துவரவில்லை, தன் கைதான் சரியில்லை என்று நினைத்து மறுபடியும்—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனமில்லை. இதற்கு மட்டும் பச்சை மையில் எந்தக் குறிப்பும் இல்லை. அந்த இடத்தில் பேனாவை ஊன்றிய புள்ளி ஒன்று இருக்கிறது.

9

இந்தக் கதையில் எனக்கு ஒரு சிக்கல் இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இது அச்சானால் அக்காவின் ரகசியமும் அச்சாகிவிடும். பெயர் போடாததால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் தோள் இறுகிய, முடியை வெட்டிக்கொண்ட, ஈக்களோடு வேலை செய்கிற பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆகவே அக்காவிடம் சத்தியம் செய்துகொடுத்தேன். அவள் சொல்லாதவரை இது என் கையிலிருந்து எங்கும் போகாது. பத்திரிகைக்கு வேறு ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம். ரோபோ கதை ஒன்று பாதியில் கிடக்கிறது.

அந்தச் சத்தியம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை. காலையில் அக்கா கிளம்பத் தயாராகி என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கதைய குடு."

"முடிவு இன்னும் எழுதல."

"எழுத வேணாம். எழுதின வரைக்கும் குடு. பத்திரிகைக்காரங்க முகவரியும் எழுதிக் குடு."

"எதுக்கு?"

"குடுடா."

"பெரியவர்கிட்ட சொல்லிட்டுத்தான அனுப்புவ? இல்ல, அனுப்பிட்டு..."

"இன்னும் ரெண்டு வரி பாக்கி இருந்தா எழுதி முடி. பஸ் போயிடும்."

வாசலில் நிற்கிறாள். நான் அவசரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே வாசகரே, இது உங்கள் கையில் இருக்கிறதென்றால் அனுப்பியது நான் இல்லை. அவள் முதலில் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு அனுப்பினாளா, அல்லது வாயால் சொல்ல முடியாமல் இதை அனுப்பினாளா என்பது எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றல்ல. முதலாவதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இரண்டாவதாக இருந்தாலும் அவள் என் அக்காதான்.

பெரியவர் கதை படிக்கிறவர் இல்லை. நெட்டை படிப்பாள், பேருந்தில் நின்றுகொண்டே படிப்பாளாம். அவளுக்கு மட்டும் கடைசியாக ஒன்று.

நெட்டை, உங்களை இந்தப் பெயரால் கூப்பிட்டதற்கு மன்னிக்க வேண்டும். இந்த வரிக்கு வருவதற்கு முன்பே அக்கா உங்கள் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லியிருந்தால், இந்தக் கதையின் முடிவு உலகத்தில் உங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருக்காவிட்டால், இந்த வரிதான் முடிவு. பத்திரிகையை மூடிவிட்டுப் போய், முதலில் மேல்தட்டில் ஒரு தெர்மாமீட்டரை வையுங்கள்.

* மேல்தட்டுல மட்டும் வச்சா போதாது, கீழ்த்தட்டுலயும் ஒண்ணு வைக்கணும். மத்தபடி இந்தப் பக்கம் சரியா இருக்கு.